திறந்தவாசலாருக்கு ஒரு கட்டம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொது நூலகத்தில் கை கழுவும் இடத்தைத் தேடிப் போனபோது வழியில் ஒரு சுவர்ப்படம் கண்ணில் பட்டது. 'உலக மதங்களும் அவற்றின் பிரிவுகளும்' என்று தலைப்பு. பெரிய மரம். அடிமரம் பலவாகப் பிரிந்து, கிளை கிளையாக விரிந்து, ஒவ்வொரு நுனியிலும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு பெயர். சன்னி, ஷியா, கத்தோலிக்கம், புராட்டஸ்தாந்து, தேரவாதம், மகாயானம், சைவம், வைணவம், திகம்பரர், சுவேதாம்பரர் என்று எல்லாம் முறையாக இருந்தன. வலது ஓரத்தில், தரைக்குப் பக்கத்தில், வேரோடும் சேராமல் கிளையோடும் சேராமல் ஒரே ஒரு கட்டம் தனியாகக் கிடந்தது. அதில் 'மற்றவை' என்று எழுதியிருந்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டார் இருக்கும் கட்டம் அந்த மரத்தில் நல்ல உயரத்தில், நல்ல வெளிச்சத்தில்தான் இருந்தது. ஆனாலும் கோபம் வந்தது. தங்களுக்கென்று கூடம் கட்டி, தங்களுக்கென்று பாட்டுக் கட்டி, பக்கத்துத் தெருக்காரர்களோடு ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போகாமல் தலைமுறை தலைமுறையாக விறைப்பாக நின்றவர்கள் எத்தனை பேரை அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு அடைத்திருக்கிறார்கள்! விருந்து முடிந்த பிறகு வந்தவர்களைச் சமையலறையில் உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்புவது போல இருந்தது.

அந்தக் கட்டத்திலிருந்து ஒரு கூட்டத்தையாவது வெளியே இழுத்து வரவேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். உண்மையான கூட்டம் எதுவும் என் கைவசம் இல்லை. அதனால் ஒன்றை உண்டாக்கினேன். திறந்தவாசலார் என்று பெயர் வைத்தேன்.

(இவர்கள் எந்த மதத்தின் கிளை என்று கேட்காதீர்கள். உங்களுக்குத் தோதான மதத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். நான் பெயர் சொன்னால் நாளையே நாலு பேர் வீட்டுக்கு வந்து, தங்கள் மதத்தில் அப்படி ஒரு கிளையே கிடையாது என்று நிரூபிப்பார்கள். ஐந்தாவதாக ஒருவர் வந்து, அந்தக் கிளையே தான்தான் என்பார்

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"மழை திறந்த கதவு வழியாக உள்ளே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தது. யாரும் எழுந்து"

நிறுத்திவிட்டேன். மழை உட்காராது. அழகாக எழுத வேண்டும் என்று கை துறுதுறுத்தால் அன்றைக்கு எழுதக் கூடாது.

இரண்டாவது:

"முன்னொரு காலத்தில், ஒரு பெரிய பிரிவிலிருந்து சில குடும்பங்கள் தனியே"

இது பாடப்புத்தகம். நீங்கள் கொட்டாவி விடுவது இங்கே எனக்குக் கேட்கிறது. ஆனால் விஷயம் தெரியாமல் கதைக்குள் போக முடியாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தாய்ப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. பிரார்த்தனை தொடங்கியதும் கதவைச் சாத்துவார்கள். பிந்தி வந்தவர் வெளியே நிற்கவேண்டும். ஒருநாள் பிந்தி வந்தவள் ஒரு மருத்துவச்சி. பிரசவம் பார்த்துவிட்டு, கையைக் கழுவிய ஈரத்தோடு ஓடி வந்தாள். சாத்திய கதவைப் பார்த்தாள். தட்டவில்லை. படியில் உட்கார்ந்து பிரார்த்தனை முடியும்வரை இருந்துவிட்டுப் போனாள். பிறகு விஷயம் தெரிந்ததும் உள்ளே இருந்தவர்களில் சிலருக்கு உடம்பெல்லாம் கூசியது. அடுத்த பிரார்த்தனையில் அவர்கள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்கள். பெரியவர்கள் சாத்தச் சொன்னார்கள். இவர்கள் கேட்கவில்லை. அன்றைக்குத் திறந்தவர்கள் இன்றுவரை சாத்தவில்லை.

அவ்வளவுதான் வேறுபாடு. வேதம் ஒன்று, பாட்டு ஒன்று, கடவுள் ஒன்று. பிரார்த்தனை தொடங்கும் முன் கூட்டத்தில் மூத்தவர் வாசல் பக்கம் திரும்பி, அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "உள்ளே வாருங்கள்" என்பார். பிறகு காற்று வரும், தூசி வரும், தெரு நாய் வரும், எதையாவது விற்கிறவர்கள்கூட வருவார்கள். யாரையும் விரட்டுவதில்லை. குளிரும் காற்றும் பட்டுப் பட்டு ஆண்டு முழுக்க யாருக்காவது ஜலதோஷம் இருந்துகொண்டே இருக்கும். மற்றவர்கள் இவர்களைத் 'தும்மல் சபை' என்று கேலி செய்வார்கள். இவர்களுக்கு அதில் உள்ளூரக் குளிர்ச்சிதான். பிரார்த்தனை நடுவில் யாராவது தும்மினால், பதக்கம் வாங்கியவரைப் பார்ப்பது போல எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

மூன்றாவது தொடக்கத்தில் ஒரு பெண் ஏணியில் ஏறுகிறாள். அதை வைத்துக்கொண்டேன்.

3

ஓவியக்காரி நூலகத்தின் வாசற்கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு பெயின்ட் டப்பாவை இடுக்கில் தள்ளிவைத்துவிட்டு ஏணியில் ஏறினாள். காவலாளி வந்து, ஏசிக் காற்றெல்லாம் தெருவுக்குப் போகிறது என்று முணுமுணுத்தார். பெயின்ட் வாடை போக வேண்டாமா என்று அவள் மேலே இருந்தபடியே கேட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

(நான் பார்த்தது காகிதப் படம். கதையில் அதைச் சுவரோவியம் ஆக்கிவிட்டேன். காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறு அடித்துக்கொள்ளலாம், சுவருக்கு அந்தச் சலுகை இல்லை

அவள் கடைப் பலகைகள் எழுதிப் பேர் வாங்கியவள். எழுத்து அவள் கையில் நின்று பேசும். புதிதாகக் கட்டிய நூலகத்தின் கூடத்தில் மதங்களின் மரத்தை வரைய அவளைக் கூப்பிட்டபோது தலைகால் புரியவில்லை. இதுவரை அவள் எழுதியதெல்லாம் வெயிலில் வெளுக்கிற எழுத்து. இது கூரைக்குக் கீழே, ஊரே படிக்க நிற்கப்போகிற எழுத்து. பேராசிரியர் ஒருவர் ஆராய்ந்து தயாரித்த வரைபடத்தை அவளிடம் கொடுத்திருந்தார்கள். அதை விரித்ததும் அவள் முதலில் தேடியது தன் ஆட்களைத்தான். தாய்ப் பிரிவு இருந்தது. அதிலிருந்து பிரிந்த மூன்று நான்கு கிளைகள் இருந்தன. திறந்தவாசலார் இல்லை.

பள்ளிக்கூடத்தில் "நீ எந்தப் பிரிவு?" என்று கேட்டு, அவள் பெருமையாகச் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பே சேர்ந்து 'அச்' என்று தும்மிக் காட்டிய நாட்கள் நினைவுக்கு வந்தன. தும்மினாலும் பரவாயில்லை. அவர்களுக்காவது இவள் யார் என்று தெரிந்திருந்தது.

மதியம் அப்பாவின் கடைக்குப் போனாள். அப்பா பூட்டுக்காரர். ஆணிகளில் வரிசை வரிசையாகச் சாவிகள் தொங்கும், மேசையெல்லாம் இரும்புத் தூள் மினுங்கும் சின்னக் கடை. கதவைத் திறந்துவைத்துத் தொழும் கூட்டத்தின் மூத்தவர் பூட்டு விற்றுப் பிழைப்பதை ஊரே கிண்டல் செய்யும். "பூட்டு உங்க வீட்டுக்குங்க, கடவுள் வீட்டுக்கு இல்ல" என்று அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பதில் சொல்வார்.

"அப்பா, நம்ம பேரு இல்லப்பா."

"எதுல?"

"மரத்துலதான். மற்றவைன்னு ஓரமா ஒரு கட்டம் போட்டிருக்காங்க. அதுக்குள்ள போட்டு மூடிட்டாங்க."

சாவி தேய்க்கும் இயந்திரம் நின்றது.

"மூடிட்டாங்களா?"

"ஆமாப்பா."

"நம்மளையா?" அவர் எழுந்தே விட்டார். "அடைச்சு வச்சாலும் பொறுத்துக்கலாம். மற்றவைன்னா என்ன அர்த்தம்? பேர் சொல்ற அளவுக்கு இல்லாதவங்கன்னுதானே? ஒரு பொம்பளை படியில உக்காந்திருந்ததுக்காக ஊரையே பகைச்சுக்கிட்ட கூட்டம்டி நாம. போய் அந்தப் பேராசிரியரைக் கூட்டிட்டு வா. வந்து பார்க்கட்டும்."

"வருவாரா?"

"கதவு திறந்துதானே இருக்கு. வராம என்ன?"

4

பேராசிரியரை முதலில் வில்லனாக எழுதினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "உங்களை மாதிரி ஆயிரம் பேர் கேட்கறாங்க" என்று அவர் சொல்வதாக ஒரு பக்கம் ஓடியது. படித்துப் பார்த்தால் அவரைத் திட்டுவதில் எனக்குத்தான் சுகம், கதைக்கு ஒரு லாபமும் இல்லை. அழித்துவிட்டேன். இப்போது இருப்பவர் நல்ல மனிதர். ஓவியக்காரி கேட்டதும் நோட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஒரு கூட்டத்தைத் தனிக் கிளைன்னு நான் ஒத்துக்கணும்னா அவங்களுக்குன்னு ஒரு வழிபாட்டு முறை இருக்கணும்மா" என்றார் வழியில். "அதைவிட முக்கியம், அந்த முறைக்காகச் சண்டை போட ஆள் இருக்கணும். சண்டை ஓஞ்சுபோன இடத்துல கட்டடம்தான் இருக்கும், கிளை இருக்காது."

ஓவியக்காரிக்கு உச்சி குளிர்ந்தது. சண்டை என்றால் அவள் வீட்டில் பஞ்சமே இல்லை.

கூடம் புதிதாக இடம் மாறியிருந்தது. வாடகைக் கட்டடத்தின் தரைத்தளம். மேலே உடற்பயிற்சிக் கூடம், பக்கத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை. கட்டடக்காரர் வாசலுக்குத் தானாகத் திறந்து மூடும் கண்ணாடிக் கதவு போட்டிருந்தார். ஆள் வந்தால் விலகும், போனால் மூடிக்கொள்ளும். அங்கே நடந்த முதல் பிரார்த்தனையில் பூட்டுக்காரர் "உள்ளே வாருங்கள்" என்று சொல்லி முடித்ததும், கதவு சொய்ங் என்று சாத்திக்கொண்டது. அடுத்த தடவை அவர் ஒரு செங்கல் கொண்டுவந்து கதவின் தடத்தில் வைத்தார். கதவு வந்து செங்கல்லில் டொக்கென்று முட்டும், பின்வாங்கும், மறுபடி வந்து முட்டும். பிரார்த்தனை முழுக்க டொக், டொக்.

பேராசிரியர் போன அன்றும் டொக் டொக்தான். பாதியில் அத்தை எழுந்துபோய்ச் செங்கல்லை எடுத்துவிட்டாள். இந்த அத்தை பூட்டுக்காரரின் தங்கை. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துப் பழகிய குரல்.

"அண்ணா, போதும். எனக்குச் சாமி கும்பிடவே முடியல. ஆள் வந்தா அதுவா திறக்குதுல்ல?"

"ஆள் வந்தா எல்லாக் கதவும்தான் திறக்கும். என் கடைப் பூட்டுகூடச் சாவி போட்டா திறக்கும். வர்றதுக்கு முன்னாடியே திறந்திருக்கணும். அதுதான் நாம."

"நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பஸ் கதவை மூடறேன் தெரியுமா? மூடினா யாரையும் வேணாம்னு சொல்றதா அர்த்தமா? ஸ்டாப்புல நிக்கிறவங்களுக்குத் தெரியும், இது நமக்காகத் திறக்கும்னு."

"அந்த மருத்துவச்சி தட்டியிருந்தாலும்தான் திறந்திருப்பாங்க. அவ ஏன் தட்டல? சாத்தின கதவைப் பார்த்தா தட்ட மனசு வராது. அந்தத் தயக்கம் இருக்கே, அது யாருக்கும் வரக்கூடாதுன்னுதான் நம்ம முன்னோர் அத்தனை அவமானப்பட்டாங்க."

"அது மரக்கதவு. இது கண்ணாடி. உள்ள நாம உக்காந்திருக்கிறது வெளியில நல்லாத் தெரியுது. பக்கத்துல வந்தாப் போதும், கைகூட வைக்க வேணாம். மருத்துவச்சிக்கு இப்படி ஒரு கதவு இருந்திருந்தா நாம பிரிஞ்சே இருக்க மாட்டோம்!"

ஒரே சமயத்தில் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். செங்கல் வேண்டும் என்றவர்கள் பூட்டுக்காரர் பக்கம் நகர்ந்தார்கள், வேண்டாம் என்றவர்கள் அத்தை பக்கம் நகர்ந்தார்கள். நகர்ந்தவர்கள் அசைவுக்கெல்லாம் கதவு திறந்து திறந்து மூடியது. ஓவியக்காரி மட்டும் நடுவில் நின்றாள். அப்பா சொல்வதும் சரியாக இருந்தது, அத்தை சொல்வதும் சரியாக இருந்தது. இருவரும் ஒருசேர அவளைப் பார்த்தபோது குனிந்து கைவிரலில் காய்ந்திருந்த பெயின்ட்டைச் சுரண்டினாள்.

பேராசிரியரின் முகம் மலர்ந்து போயிருந்தது.

"ஒத்துக்கறேங்க. நீங்க தனிக் கிளைதான். சந்தேகமே இல்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க ஒரு கிளையா, ரெண்டு கிளையா?"

"ரெண்டு" என்று அண்ணனும் தங்கையும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு சொல்லில் மட்டும்தான்.

சுவரில் ஒரு கட்டத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்றார் பேராசிரியர். ஒன்று போதும் என்றார்கள். பூட்டுக்காரர் தும்மினார். சபை முழுவதும் அவரைப் பெருமையாகப் பார்த்தது.

(அத்தையை நம்பலாமா என்று எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. கதவுச் சண்டைக்கு ஒரு பக்கம் பூட்டுக்காரர், மறுபக்கம் பேருந்து ஓட்டுநர் என்றால், வேண்டுமென்றே கொண்டுவந்து நிறுத்திய மாதிரி இல்லையா? அவளை வங்கிக்காரியாக்கிப் பார்த்தேன், பல் மருத்துவராக்கிப் பார்த்தேன். வாதம் சவசவத்துப் போனது. ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்ததும்தான் வாயைத் திறந்தாள். இருந்துவிட்டுப் போகட்டும்

5

இங்கே கதையை நிறுத்திக் கொஞ்சம் பேச வேண்டும். கதை மட்டும் போதும் என்பவர்கள் ஆறாம் பகுதிக்குப் போகலாம்.

மதங்கள் கிளை கிளையாகப் பிரிந்ததைச் சொல்லும்போது எல்லோரும் ஏன் துக்கம் விசாரிக்கும் குரலில் பேசுகிறோம்? "ஒன்றாக இருந்தார்கள், உடைந்துபோனார்கள்" என்கிறோம். குருவுக்குப் பிறகு யார் என்பதில் பிரிந்தார்கள். எந்த மொழியில் வேண்டுவது என்பதில் பிரிந்தார்கள். உடை உடுத்துவதா வேண்டாமா, உருவம் வைப்பதா வேண்டாமா, தண்ணீரில் முழுகுவதா தெளிப்பதா, கடவுள் நம்மைத் தூக்கிச் செல்கிறாரா நாம் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டுமா என்பதில் எல்லாம் பிரிந்தார்கள். பிரிந்ததில் ரத்தம் சிந்திய கதைகளும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை, அதில் எனக்குப் பெருமையும் இல்லை.

ஆனால் ஒரு கூட்டம் ஒரு கதவைப் பற்றி இத்தனை காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. நம்மில் பலர் சொந்த வீட்டுக் கதவைப் பற்றிக்கூட ஒரு நிமிடம் யோசித்ததில்லை. இவர்களுக்குக் கதவு என்றால் வெளியே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளை விட்டுக்கொடுக்க முடியாமல்தான் பிரிந்தார்கள், அவளை விட்டுக்கொடுக்க முடியாமல்தான் இப்போது மறுபடியும் பிரிகிறார்கள். செங்கல் வைப்பவரும் அவளுக்காகத்தான் வைக்கிறார், எடுப்பவளும் அவளுக்காகத்தான் எடுக்கிறாள்.

(இந்தப் பகுதியை நீக்கிவிடலாம் என்று நண்பர் சொன்னார். நண்பர் வேறு கிளை

6

மரம் முடிந்துவிட்டது. அன்று காலை ஓவியக்காரி ஏணியை ஓரமாகச் சாத்திவிட்டுப் பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். தாய்ப் பிரிவிலிருந்து புதிதாக ஒரு சிறு கிளை மேல்நோக்கி வளைந்திருந்தது. அதன் நுனியில் கட்டம், கட்டத்துக்குள் 'திறந்தவாசலார்'. அவள் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான். கண் கலங்கிவிட்டது.

பேராசிரியர் வந்தார். தூர நின்று பார்த்துக் கைதட்டினார். கிட்டே வந்தார். இன்னும் கிட்டே வந்தார். பிறகு அவர் முகம் மாறியது.

"என்னம்மா இது?"

"என்ன சார்?"

"கட்டத்தைப் பாருங்க. கீழ, வலது மூலைல."

கோடு சுற்றி வந்து, தொடங்கிய இடத்தைத் தொடாமல் ஒரு விரல் அகலத்துக்கு முன்பே நின்றிருந்தது. அடுத்த கட்டத்தைப் பார்த்தாள். அதிலும் அப்படியே. சன்னி, ஷியா, தேரவாதம், வைணவம் எல்லாவற்றிலும் அதே இடத்தில், அதே அளவில் இடைவெளி. மரம் முழுக்க ஒரு கட்டம்கூட மூடியிருக்கவில்லை.

பேராசிரியர் சுவரின் அடியில் பதித்திருந்த பித்தளைத் தகட்டைக் காட்டினார். படத்தை எப்படிப் படிப்பது என்ற விளக்கம் அதில் வெட்டியிருந்தது. முழுக் கோடு என்றால் வாழும் கிளை. இடையில் விட்டுப்போன கோடு என்றால் அழிந்துபோன கிளை.

"உலகத்துல ஒரு மதம் பாக்கியில்லாம அத்தனையையும் முடிச்சுட்டீங்களேம்மா" என்றார். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. "இது மட்டும் இப்படியே திறப்பு விழாவுக்குப் போச்சுன்னா, நான் தலைமறைவாகிட வேண்டியதுதான்."

"சார், சத்தியமா தெரிஞ்சு செய்யல."

உண்மைதான். அவள் குழந்தையாக இருந்தபோது காகிதத்தில் சதுரம் போட்டு வீடு என்பாள். அவள் அம்மா பக்கத்தில் வந்து, கோடு முடிவதற்குள் பென்சிலைப் பிடித்துக்கொள்வாள். "வீடுன்னா வழி விடணும்டி. ஆள் எப்படி வரும்?" என்பாள். அந்தச் சமூகத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் சதுரம் போடப் பழகினார்கள். பிறகு யாரும் பென்சிலைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. கை தானாகவே நின்றது.

விழாவுக்குள் எல்லாவற்றையும் மூடிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் கறுப்பு மை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். போகிற வழியில் டயர் கடைப் பலகை இருந்தது. அவள் எழுதியதுதான். சட்டெனத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். எழுத்தைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு, கீழ் வலது மூலையில் ஒரு விரல் இடைவெளி. அடுத்தது பல் ஆஸ்பத்திரி. அங்கேயும் இடைவெளி. துணிக்கடை, மருந்துக்கடை, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, தாய்ப் பிரிவின் பெரிய வழிபாட்டு மண்டபத்து நேரப் பலகை. கதவைச் சாத்தித் தொழும் அந்த மண்டபத்தின் பலகையிலும் அவள் கை ஒரு வழி விட்டுவைத்திருந்தது! இத்தனை ஆண்டுகளாக ஒருவரும் கவனிக்கவில்லை. அவளும் கவனிக்கவில்லை.

தெரு நடுவில் நின்று அவள் சிரித்தாள். நெஞ்சு விம்மியது. மற்றவை என்று ஓரத்தில் போட்டார்கள். ஊர் முழுக்கத் தன் கூட்டத்தின் கையெழுத்து கிடக்கிறது. அப்பாவைப் பிடித்து இழுத்துவந்து பலகை பலகையாகக் காட்ட வேண்டும் போல இருந்தது.

7

சுவருக்குத் திரும்பி வந்து, ஒவ்வொரு கட்டமாக மூடினாள். அதில் அவளுக்குத் தயக்கமில்லை. அவரவர் வீடு, அவரவர் கதவு. 'மற்றவை' கட்டத்தில் மட்டும் ஒரு கணம் நின்றாள். பிறகு அதையும் மூடினாள். மூடும்போது உள்ளே இருப்பவர்களிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

பாக்கி ஒன்று. அதற்கு முன்னால் வந்ததும் கை நின்றுவிட்டது.

மூடினால் திறந்தவாசலார் உயிரோடு இருக்கிறார்கள் என்று சுவர் சொல்லும். ஆனால் அடைத்த பெட்டிக்குள் இருக்கும் திறந்தவாசலார் யார்? மூடாவிட்டால் அது அவர்கள்தான், பார்த்தவுடனே தெரியும். ஆனால் செத்துப்போனவர்கள் என்று சுவர் சொல்லும்.

(விளக்கத் தகட்டை மாற்றினால் போயிற்று என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பித்தளையில் வெட்டி, சுவரில் பதித்து, அதற்கு மேல் பூச்சும் பூசியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், தகட்டைப் பித்தளையில் செய்ததே நான்தான். காகிதமாக இருந்தால் நீங்கள் சுலபமாகத் தப்பித்துவிடுவீர்கள்

விழா நாள் காலையில் அப்பாவும் அத்தையும் வந்தார்கள். தனித்தனியாகத்தான் வந்தார்கள். செங்கல் விவகாரத்துக்குப் பிறகு ஒரே வண்டியில் ஏறுவதில்லை. அப்பா உள்ளே நுழையும்போதே வாசலில் இருந்த டப்பாவைப் பார்த்தார்.

"கதவுல டப்பா யாரு வச்சது?"

"நான்தான். பெயின்ட் வாடை போகணும்ல."

"வாடையாம்" என்றார் அப்பா, தங்கையைக் கடைக்கண்ணால் பார்த்தபடி.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அப்பா மரத்தை அண்ணாந்து பார்த்தார். தன் கூட்டத்தின் பெயரைச் சுவரில் பார்த்ததும் எழுத்து எழுத்தாக வாய்க்குள் படித்தார்.

"விட்டுடும்மா. மூடாதே."

"செத்துட்டோம்னு அர்த்தமாயிடும்பா. பேர் வரணும்னு நீங்கதானே..."

"பேர் வந்துருச்சு. செத்துட்டாங்கன்னு நினைக்கிறவன் வந்து பார்க்கட்டும். கதவு திறந்திருக்கும், நாம உள்ள உக்காந்து தும்மிட்டிருப்போம். அதைவிட நல்ல பதில் என்ன இருக்கு?"

"அண்ணா, உனக்கு எப்பவும் வீராப்புதான்" என்றாள் அத்தை. "நாளைக்கு நம்ம பிள்ளைங்க இங்க வந்து பார்த்தா, செத்தவங்க வரிசையில தன் பேரைப் பார்க்கணுமா? மூடுடி. கோடுதானே? நாம உயிரோட இருக்கோம்னு ஊருக்குத் தெரிஞ்சாத்தான் ஒருத்தர் நம்மளைத் தேடி வருவாங்க. வந்தா திறக்க நமக்குத் தெரியாதா?"

"வர்றவன் கோட்டைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டா?"

"இல்லாதவங்களைத் தேடி யாரு வரப்போறா?"

ஏணிக்குக் கீழே இருந்தது இரண்டே பேர். ஆனாலும் முழுச் சபையும் வந்து நின்றது போல இருந்தது. ஓவியக்காரிக்கு ஒன்று புரிந்தது. கூடத்தில் அன்று குனிந்துகொண்டு தப்பித்தாள். இன்று தூரிகையில் மை இருக்கிறது. ஒரு விரல் அகலம் இழுத்தால் அத்தையின் கிளை. இழுக்காமல் இறங்கினால் அப்பாவின் கிளை. இத்தனை நாளும் அவளுக்குப் பிறப்பால் வந்த மதம் இருந்தது. இனிமேல் அவளே எடுத்த முடிவால் வரும் மதம்தான். முதல்முறையாகப் பயந்தாள். கூடவே, இப்படிப் பயப்பட ஒரு கூட்டம் கிடைத்ததே என்று கர்வமாகவும் இருந்தது.

8அ

மூடினாள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார், பிரசவம் பார்த்துவிட்டு வந்தவள் போல. அத்தை போய்ப் பக்கத்தில்

8ஆ

மூடவில்லை. இறங்கி, தூரிகையைக் கழுவினாள். பேராசிரியர் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். விழாவில் ஒரு சிறுமி, "இவங்க இப்ப இல்லையா?" என்று கேட்டாள். பின்னால் ஒரு பலத்த தும்மல்

8இ

மூடினாள், ஆனால் நிறமில்லாத வார்னிஷால். நேராக நின்று பார்த்தால் கட்டம் திறந்திருக்கும். பக்கவாட்டில் நின்று வெளிச்சத்தில் பார்த்தால் மூடியிருக்கும், கண்ணாடிக் கதவு மாதிரி. அப்பாவுக்கும் சந்தோஷம், அத்தைக்கும் சந்தோஷம்.

இந்த மூன்றாவது முடிவு மனதில் தோன்றிய அன்று நான் எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன். அவ்வளவு பெருமை. மறுநாள் படித்தபோது கூசியது. இது என் சாமர்த்தியம், அவளுடைய முடிவு இல்லை. அத்தனை பேர் பகைக்கும் கேலிக்கும் நடுவில் நின்று காப்பாற்றிய ஒரு விஷயத்தை வார்னிஷ் பூசி நழுவவிட நான் யார்? அதனால் இ இல்லை. அ, ஆ இரண்டில் ஒன்றை நான் எழுதி முடித்தால் நானும் ஒரு கிளையில் சேர்ந்தவன். சேர மனசு இருக்கிறது. எதில் என்றுதான் ஒவ்வொரு நாளும் மாறுகிறது.

9

அச்சுக்குப் போகும் முன் மெய்ப்புப் பார்ப்பவர் போன் செய்தார்.

"என்னங்க, கதையில அடைப்புக்குறி ஒண்ணுகூட மூடலையே. எல்லாம் திறந்த மேனிக்கு நிக்குது. போட்டுடவா?"

திருப்பிப் பார்த்தேன். ஆமாம். சத்தியமாகத் தெரிந்து செய்யவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

"அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

"தப்புன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

இனி எனக்குத் தெரிந்த கடைசி நிமிடத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்கிறேன். ஓவியக்காரி ஏணியின் மேல் நிற்கிறாள். தூரிகை நுனியில் மை திரண்டு நிற்கிறது. கீழே அப்பா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், இருவரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். விழாவுக்கு வந்த முதல் ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் உள்ளே ஏதோ முக்கியமாக நடக்கிறது என்று தெரிந்து தயங்குகிறார்கள். முன்னால் நிற்கிற பெண் படியில் உட்காரலாமா என்பது போலக் குனிகிறாள்.

மூத்தவர் சொல்ல வேண்டியதைச் சொல்ல அப்பா வாயைத் திறந்தார். தும்மல் வந்துவிட்டது. அத்தைக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் மாறி மாறித் தும்மினார்கள். சொல்ல வேண்டிய கடமை அப்படித்தான் ஓவியக்காரியின் தலையில் விழுந்தது. அவள் சுவரை விட்டுவிட்டு, ஈரத் தூரிகையோடு, வாசல் பக்கம் முழுதாகத் திரும்பினாள். அவள் குரல் கணீரென்று இருந்தது.

(உள்ளே வாருங்கள்